பெகுவில் ஒரு புள்ளி: வேளாண் ஆராய்ச்சித் திட்ட வரைபடத்தைப் படிப்பதும் போடுவதும்

என் தாய்மாமா பெகு பக்கத்தில் உளுந்து போடுகிறவர். மழைக்கால நெல்லை அறுத்த கையோடு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி விதைத்துவிடுவார். கீழ்ப் பர்மாவில் உளுந்து பெரும்பாலும் இப்படித்தான் விளைகிறது. பர்மியர் மட்பே என்று சொல்லும் இந்த உளுந்துதான் மூட்டை மூட்டையாக ரங்கூனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. தமிழ்நாட்டில் ஆட்டுகிற இட்லி மாவில் எங்கள் ஊர் உளுந்தும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் வயலில் இலையெல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்து, காயே பிடிக்காமல் போய்விட்டது. மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸால் வருவது. இரவு போன் செய்து கேட்டார்: “மாப்ளே, இந்த மஞ்ச நோய்க்கு நம்ம பக்கம் யாராச்சும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்களா? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”

நான் ரங்கூனில் ஓர் அலுவலகத்தில் கணினியில் அட்டவணை வேலை பார்ப்பவன். தேடுவது எனக்குப் பழக்கம்தான். உட்கார்ந்து தேடினேன். நீளநீளமான அறிக்கைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நிதி கொடுத்தவர் பெயர் அட்டையிலேயே இருந்தது, நடத்தும் நிறுவனம் முதல் பக்கத்தில் இருந்தது. எந்த ஊரில் நடக்கிறது என்பது மட்டும் எங்கோ உள்ளே, ஒரு வாக்கியத்தின் நடுவில் கிடந்தது. மாமா கேட்ட கேள்வியில் முக்கியமான சொல் ‘நம்ம பக்கம்’. அந்தச் சொல்லைத் தேடல் பெட்டியில் எப்படித் தட்டுவது? ஆராய்ச்சித் திட்டங்களைத் தலைப்பு வாரியாகவும் நிறுவன வாரியாகவும் அடுக்கி வைக்கிறார்கள். ஊர்வாரியாக அடுக்கினால்தான் விவசாயி கேட்கும் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். அப்படி அடுக்குவதற்கான வழிதான் இணைய வரைபடம்.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம் கோயில் திருவிழாவுக்குப் பணம் வசூலிக்கும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு ஒரு வீடு. யார் வீடு, எந்தத் தெரு, எவ்வளவு கொடுத்தார்கள், என்றைக்குக் கொடுத்தார்கள். இப்போது ஊரின் படம் ஒன்றை வரைந்து, நோட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் அந்தந்தத் தெருவில் ஒரு பொட்டாக வையுங்கள். எந்தத் தெருவில் இன்னும் யாரும் போகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நோட்டிலும் அதே விவரம் இருந்தது. ஆனால் நோட்டைப் புரட்டிப் புரட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆராய்ச்சித் திட்ட வரைபடமும் இதேதான். அடியில் ஓர் அட்டவணை: என்ன திட்டம், யார் நடத்துகிறார்கள், எந்தப் பயிர், எங்கே, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது. மேலே சாலை, ஆறு, ஊர் எல்லாம் உள்ள அடிப்படை வரைபடம். இரண்டையும் இணைப்பது ‘எங்கே’ என்ற ஒரே பத்தி, அதாவது அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடும் ஒரே நெடுவரிசை. புள்ளியைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அட்டவணையில் உள்ள வரி அப்படியே அதில் தெரியும். நாம் பார்க்கிற வண்ணப் புள்ளிகளெல்லாம் அந்த அட்டவணைக்குப் போட்ட சட்டை. சட்டைக்குள் இருப்பது சரியில்லை என்றால் படமும் சரியில்லை.

பர்மாவில் இந்த வேலைக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. மிமு என்று சுருக்கமாகச் சொல்லும் மியான்மர் தகவல் மேலாண்மைப் பிரிவு 2007-ல் ஐ.நா. அமைப்புகளின் கீழ் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 2008 மே மாதத் தொடக்கத்தில், ஐராவதி டெல்டாவில் நர்கீஸ் புயல் அடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அந்த மாதிரி நேரத்தில் உதவிக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாலை போகும் ஊருக்கே போய்க் குவிந்தால், ஓடை தாண்டி இருக்கும் ஊர் என்ன ஆகும்? யார், என்ன, எங்கே என்ற மூன்று கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை வைப்பது உயிர் காக்கும் வேலை. மிமு அந்த மூன்று கேள்வி வரைபடங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. நிறுவனங்கள் தங்கள் வேலை எங்கே நடக்கிறது என்று எழுதிக் கொடுக்கும், மிமு அதைத் தொகுத்து டவுன்ஷிப் (நம் தாலுகா மாதிரி) வாரியாகப் படமாக்கும். விவசாயமும் அதில் ஒரு துறை. அப்புறம் 2015-ல் வெளிநாட்டு உதவித் திட்டங்களைப் பட்டியலிட அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் மொஹிங்கா. காலையில் தெருவுக்குத் தெரு விற்கிற மீன்குழம்பு நூடுல்ஸின் பெயரேதான். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, வரைபடம் போடுவதில் கஷ்டமான இடம் எது? தொழில்நுட்பம் என்று நினைப்பீர்கள். நான் சொல்வேன், ஊர்ப் பெயர்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அது பெகுதான், மோல்மேன்தான், சிரியம்தான். 1989-ல் அரசு பெயர்களை மாற்றியபோது அவை பாகோ, மௌலமியைன், தன்லியின் ஆகிவிட்டன. ரங்கூன் யாங்கோன் ஆனது. பழைய அறிக்கையில் ஒரு பெயர், புது அறிக்கையில் வேறு பெயர். மனிதருக்கு இரண்டும் ஒன்று என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. இது போதாதென்று ஒரே பெயரில் ஊர் பல. யுவா திட் என்று இந்த நாட்டில் எத்தனையோ கிராமங்கள் உண்டு. யுவா என்றால் கிராமம், திட் என்றால் புதியது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புதூர். தமிழ்நாட்டில் ‘புதூரில் ஆராய்ச்சி நடக்கிறது’ என்று மட்டும் ஒருவர் எழுதினால் எந்தப் புதூர் என்று தேடுவது?

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. பர்மிய எழுத்துகளைக் கணினியில் வைக்க நெடுங்காலம் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று ஜோஜி, மற்றது யூனிகோட். திரையில் பார்த்தால் பெயர் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே குறியீடு வேறு. ஜோஜியில் எழுதிய ஊரை யூனிகோடில் தேடினால் ‘இல்லை’ என்று வரும். 2019 அக்டோபர் 1-ம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் பல இன்னும் பழைய எழுத்திலேயே கிடக்கின்றன. தமிழில் திஸ்கி, டாப், பாமினி என்று வெவ்வேறு எழுத்துக் குறியீடுகளோடு நாம் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

இதற்கெல்லாம் மருந்தாக மிமு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. மோன் மாநிலம் எம்எம்ஆர்011. யாங்கோன் எம்எம்ஆர்013. பெகு வட்டாரத்தின் கிழக்குப் பகுதி எம்எம்ஆர்007. அதற்குள் டவுன்ஷிப்புக்கு மேலும் மூன்று இலக்கம். கிட்டத்தட்ட 330 டவுன்ஷிப்புகளுக்கும் இப்படி எண் உண்டு. கிராமங்களுக்கும் தனித்தனி எண் கொடுத்து வருகிறார்கள். பெயரைப் பெகு என்று எழுதுங்கள், பாகோ என்று எழுதுங்கள், தமிழிலோ பர்மியத்திலோ எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அந்த எண் இருந்தால் வரைபடம் தடுமாறாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊர்ப் பெயரைத் தனியே விடாதீர்கள், எண்ணோடு எழுதுங்கள்.

எண் இல்லாத இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை. பெகு நகரம் ஏறக்குறைய 17.33 வடக்கு, 96.48 கிழக்கு. இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பர்மாவில் மாற்றிப் போட்டால் கருவியே பிடித்துவிடும், ஏனென்றால் அட்சரேகை 90-ஐத் தாண்டாது, 96 வடக்கு என்று ஓர் இடம் பூமியில் இல்லை. தஞ்சாவூருக்கு அந்தக் காப்பு கிடையாது. 10.79 வடக்கு, 79.14 கிழக்கு என்பதைத் திருப்பிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் கரையோரம் போய் உட்காரும். உலகத்து விதைகளைப் பாதுகாக்கும் பெட்டகம் இருக்கும் அதே தீவுக்கூட்டம் என்பதால், வேளாண்மை வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளியைப் பார்த்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது! இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் சில கருவிகள் அதைச் சுழியம், சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் நெல் வயல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே அட்லாண்டிக் கடலில் மிதக்கும். புதிதாக ஒரு வரைபடத்தைத் திறந்தால் நான் முதலில் அந்தக் கடலைத்தான் பார்ப்பேன். அங்கே புள்ளி இருந்தால், மற்றவற்றையும் யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

இந்த எண்களில் தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் துல்லியம். இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டர் சொச்சம். நான்கு என்றால் 11 மீட்டர், அதாவது ஒரு களத்துமேட்டின் அளவு. ஐந்து, ஆறு இலக்கம் போட்டிருக்கும் புள்ளியைப் பார்த்தால் மிகச் சரியான இடம் என்று மனசு நம்பும். ஆனால் பல வரைபடங்களில் அது டவுன்ஷிப்பின் நடுப்புள்ளியைக் கணினி கணக்குப் போட்டு வைத்த எண். அங்கே போய்ப் பார்த்தால் ஆறு ஓடலாம், ரப்பர் தோட்டம் இருக்கலாம்.

அதனால் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதனுடைய இடம்? ஆராய்ச்சி நடக்கும் வயலா, டவுன்ஷிப்பின் நடுவா, இல்லை திட்டத்தை நடத்தும் அலுவலகமா? பர்மாவின் வேளாண் ஆராய்ச்சித் துறை, யெசின் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டுமே பியின்மனாவுக்குப் பக்கத்தில், தலைநகர் நேப்பிடோ வட்டாரத்தில் உள்ள யெசினில் இருக்கின்றன. அலுவலக முகவரியை வைத்துப் படம் போட்டால் நாட்டின் ஆராய்ச்சி முழுவதும் யெசினிலும் ரங்கூனிலும் நடப்பதுபோலத் தெரியும். வயல் டெல்டாவில் இருக்கும், புள்ளி தலைநகரத்தில் இருக்கும்.

டவுன்ஷிப் முழுவதற்கும் வண்ணம் தீட்டிக் காட்டுவதும் உண்டு. அதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. கச்சின் மலைப்பகுதி டவுன்ஷிப் பரப்பளவில் பெரியது, மக்கள் குறைவு. டெல்டா டவுன்ஷிப் சிறியது, மக்கள் நெருக்கம். வண்ணம் தீட்டினால் மலைதான் கண்ணில் அடிக்கும்.

துல்லியம் எப்போதும் நல்லதுதானா? இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிராமத்தில் எந்த அமைப்பு வருகிறது போகிறது, யார் வயலில் விதை கொடுத்தார்கள் என்பதெல்லாம் தவறான கையில் சிக்கினால் வயல்காரருக்குத்தான் ஆபத்து. அவரிடம் கேட்காமல் அவர் வயலை உலகம் பார்க்கும் வரைபடத்தில் வைக்க நமக்கு உரிமை கிடையாது. நல்ல வழக்கம் இது: பொதுவில் வைக்கும் படத்தில் டவுன்ஷிப் வரைக்கும் போதும். கிராமமும் வயலும் உள்ளே வைத்திருக்கும் அட்டவணையில் மட்டும் இருக்கட்டும். பெயர், போன் எண் எதுவும் புள்ளிக்குள் வேண்டாம். ‘டவுன்ஷிப் அளவில் மட்டுமே குறிக்கப்பட்டது’ என்று படத்திலேயே எழுதிவிட்டால் பார்ப்பவரும் ஏமாற மாட்டார்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் மை மேப்ஸ் இலவசம். அட்டவணையை ஏற்றினால் ஒரு அடுக்குக்கு 2,000 வரி வரை வாங்கிக்கொள்ளும், பத்து அடுக்கு வைக்கலாம். யூமேப் என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஓடுவது. 2004-ல் பிரிட்டனில் தொடங்கிய அந்த வரைபடம் உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து வளர்த்தது, உங்கள் ஊர்ச் சாலை இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம். பெரிய வேலைக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கரண்ட் அடிக்கடி போகும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவதற்கும் அதுதான் வசதி. அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாக (வெறும் எழுத்தாக, கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் கோப்பு) சேமிக்கும்போது, யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

எந்தக் கருவியானாலும் மூல அட்டவணையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் 2009-ல் ஃப்யூஷன் டேபிள்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தது. அட்டவணையை நேரே வரைபடமாக்கும் அருமையான கருவி, ஆராய்ச்சியாளர்களும் செய்தியாளர்களும் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2019 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். அதில் போட்ட வரைபடங்களும் அத்துடன் இருண்டன. அட்டவணையை எடுத்து வைத்திருந்தவர்கள் வேறு கருவியில் ஏற்றிக்கொண்டார்கள்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். நானும் ரங்கூனில் இருக்கும் சில நண்பர்களும் சேர்ந்து, உளுந்து, பாசிப்பயறு நோய்களைப் பற்றிய திட்டங்களை மட்டும் பொறுக்கி ஓர் அட்டவணை போட்டோம். ஐம்பது வரி கூட இல்லை. ஆனால் அதை வரைபடத்தில் ஏற்றியதும் அறிக்கைகளில் தெரியாத ஒன்று தெரிந்தது.

ஒரு புள்ளி யெசினில். ஆஸ்திரேலிய அரசின் ஏசிஐஏஆர் என்ற வேளாண் ஆராய்ச்சி அமைப்பின் நிதியில், உலகக் காய்கறி மையம் 2016-ல் தொடங்கி நடத்திய சர்வதேசப் பாசிப்பயறு மேம்பாட்டு வலையமைப்பு. பர்மாவும் இந்தியாவும் வங்கதேசமும் அதில் உண்டு. பயிர் பாசிப்பயறு, ஆனால் மஞ்சள் தேமல் இரண்டுக்கும் பொது. இன்னொரு புள்ளி வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில். அங்கே இருக்கும் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பிறகு நெல் தரிசில் உளுந்து விதைப்பார்கள், மிச்ச ஈரத்தை நம்பி. என் மாமா பெகுவில் செய்வதும் அதேதான். ‘நம்ம பக்கம்’ என்பது மைல் கணக்கு மட்டும் இல்லை, ஒரே மாதிரி மண்ணும் ஒரே மாதிரி பருவமும் உள்ள இடமும் நம்ம பக்கம்தான் என்று எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இதற்கென்றே தட்பவெப்பம் ஒத்த ஊர்களைத் தேடித் தரும் வரைபடக் கருவிகளும் வந்திருக்கின்றன.

ஆனால் உடனே வம்பன் விதைக்கு ஆசைப்பட்டுவிடக் கூடாது. மஞ்சள் தேமலை உண்டாக்கும் வைரஸ் ஒன்றே ஒன்று இல்லை. ஓரிடத்தில் நோயைத் தாங்கிய ரகம் வேறோர் இடத்தில் விழுந்துவிடலாம், ஏனென்றால் அங்கே இருக்கும் வைரஸ் வேறு. எந்த ரகம் நல்லது என்பதோடு எங்கே சோதித்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டிய பயிர் இது. ‘எங்கே’ என்ற பத்தியை நான் இவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு பேசுவதும் அதனால்தான்.

வரைபடத்தைப் படமாக எடுத்து மாமாவுக்கு வைபரில் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “யெசின்ல புள்ளி இருக்கு, சரி. வயல் எங்க இருக்கு? அது தெரியாம நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?” அன்றைக்கே அட்டவணையில் இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேர்ந்தன. ஒன்று, புள்ளி அலுவலகமா வயலா டவுன்ஷிப்பா என்று. மற்றது, கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்று. சரிபார்க்கத் தொடங்கியபோது, நடப்பதாகக் காட்டிய திட்டங்களில் சில எப்போதோ முடிந்துவிட்டிருந்தன. அவற்றை அழிக்கவில்லை, சாம்பல் நிறத்துக்கு மாற்றினோம். முடிந்த சோதனையின் முடிவும் விவசாயிக்கு வேண்டும்.

யெசினுக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகளை மாமா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வரும் நவம்பரில் வயலின் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கி, வழக்கமான விதைக்குப் பக்கத்தில் வேறு ரகம் ஒன்றை விதைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு, டவுன்ஷிப் அளவில் அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன். பயிர், விதைத்த மாதம், ரகம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டாயிற்று. இலை மஞ்சளானதா, காய் பிடித்ததா என்ற கட்டத்துக்கான பதிலை பிப்ரவரியில் அவரே போனில் சொல்வார்.